பூசத்துக்கு நடக்கணும்: மொரீஷியஸ் நாட்குறிப்பு

முதல் நாள், ரோஸ் ஹில்

பிளெசான்ஸ் விமான நிலையத்தில் இறங்கியதும் கைக்கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளினேன். பணம் மாற்றியபோது கைக்கு வந்த நூறு ரூபாய் நோட்டில் ரெங்கநாதன் சீனிவாசன் படம். நம் வழி வந்த வழக்கறிஞர், சுதந்திரத்துக்கு முன்பே இங்கே மந்திரியாக இருந்தவர். நோட்டின் மதிப்பு தமிழிலும் அச்சாகியிருக்கிறது. மதுரையிலிருந்து வந்தவளுக்கு அதைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது. அந்த ஒரு நோட்டை மட்டும் செலவழிக்காமல் பர்ஸின் உள் அறையில் வைத்துவிட்டேன்.

ரோஸ் ஹில்லில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் வீட்டில் தங்கல். அவர் பேசுவது பாடப்புத்தகத் தமிழ். "சகோதரி, பயணம் நலமாக அமைந்ததா?" என்றுதான் கேட்டார். அவருடைய மனைவிக்குத் தமிழ் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வரும். மற்றதெல்லாம் கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சுமொழி. அக்கா என்று கூப்பிட்டேன், அந்தச் சொல் புரிந்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். இரவுச் சாப்பாட்டுக்கு முருங்கைக் கீரை. இங்கே அதற்கு "ப்ரேத் மூரூம்" என்று பெயர். நம் முருங்கைதான் கடல் தாண்டி மூரூம் ஆகியிருக்கிறது. ரசமும் இருந்தது.

பரிமாறும்போது அக்காவின் இடது கால் செருப்பு மட்டும் ஒரு சைஸ் பெரிதாக இருப்பதைக் கவனித்தேன். சர்க்கரை எத்தனை வருஷமாக என்று கேட்டேன். விரலால் ஒன்று, ஒன்று என்று காட்டினார். பதினொன்று.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். இங்குள்ள ஓர் அரசு ஆரம்ப சுகாதார மையத்தின் நர்ஸ்களோடு சில நாள் உட்காரப் போகிறேன். வேல்யூ பேஸ்டு ஹெல்த்கேர் என்று உலகமெங்கும் சொல்கிறார்களே, அதைச் சர்க்கரை நோயாளிகளின் பிரிவில் எங்கிருந்து தொடங்கலாம் என்று பார்ப்பதற்காக. தமிழில் நான் அதைப் "பலன் பார்த்துச் செய்யும் மருத்துவம்" என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

இதில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. அப்பாவுக்குப் பதினான்கு வருஷம் சர்க்கரை. மாதம் தவறாமல் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனார். அட்டையில் மாதாமாதம் தேதி, ரத்தச் சர்க்கரை, மாத்திரை, முத்திரை. அந்த அட்டைகள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன. ஒரு பக்கத்தில்கூட "கால்" என்ற சொல் இல்லை. வலது பெருவிரலில் செருப்புக் கடித்த புண் அவருக்கு வலிக்கவே இல்லை. சர்க்கரையில் கால் நரம்பு செத்துவிட்டால் வலி தெரியாது, வலிக்காமல் இருப்பதுதான் ஆபத்து என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த வருஷக் கணக்கைப் பார்த்தால் அப்பா பன்னிரண்டு தடவை வந்து மருந்து வாங்கிய ஒழுங்கான நோயாளி.

இரண்டாம் நாள், சுகாதார மையம்

இந்த நாட்டில் அரசு மருத்துவம் முழுக்க இலவசம். ஐந்து வட்டார ஆஸ்பத்திரிகள், அவற்றுக்குக் கீழே ஊருக்கு ஊர் சிறு மையங்கள். பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. அதனால் எந்த மையத்துக்குப் போனாலும் சர்க்கரைக்காரர்களுக்கென்று கிழமை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்குப் பேச்சு எதுவும் வேண்டாம், ஒரே ஒரு நோயாளியின் பின்னால் நடந்தால் போதும் என்று சார்ஜ் நர்ஸிடம் கேட்டுக்கொண்டேன். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சம்மதித்தார். நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன். காலை 5.50க்கு வாசல். 7.40க்கு டோக்கன். 8.20க்கு விரலில் குத்தி ரத்தம். 10.35க்கு டாக்டர். 10.40க்கு வெளியே. 12.15க்கு மருந்து. மொத்தம் ஆறு மணி இருபத்தைந்து நிமிஷம். அதில் ஒரு மருத்துவ ஊழியரின் கையோ கண்ணோ அவர் மேல் இருந்தது ஒன்பது நிமிஷம்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த டாக்டருக்கு அன்று காலை முழுக்கத் தண்ணீர் குடிக்க நேரமில்லை, பக்கத்திலிருந்து பார்த்தேன். வயதானவர்களுக்கு 2005 முதல் பஸ்ஸும் இலவசம் என்பதால் பெரியவர் கைக்காசு ஒரு பைசா செலவாகவில்லை. ஆனால் அவர் ஒரு முழுக் காலையைக் கொடுத்தார். வெறும் வயிற்றோடு கொடுத்தார். அரசு டாக்டருக்கும் நர்ஸுக்கும் மருந்துக்கும் கொடுத்தது. இவ்வளவும் சேர்ந்து என்ன வந்தது? பெரியவர் போன மாதத்தைவிட நன்றாக இருக்கிறாரா? அதைச் சொல்ல அட்டையில் ஓர் இடமும் இல்லை.

அமெரிக்கப் பேராசிரியர்கள் மைக்கேல் போர்ட்டரும் எலிசபெத் டைஸ்பர்கும் 2006ல் எழுதியது அடிப்படையில் இந்தக் கேள்விதான். நோயாளிக்குக் கிடைத்த பலனை, அதற்காக ஆரம்பம் முதல் கடைசி வரை ஆன மொத்தச் செலவோடு வைத்துப் பார். அந்த விகிதம்தான் மதிப்பு. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பரிசோதனை நடந்தது என்பதெல்லாம் வேலையின் அளவு. பலனின் அளவு வேறு. படித்தால் எளிதாகத்தான் இருக்கும். ஆனால் நாம் எழுதும் மாத அறிக்கையில் எந்தக் கட்டம் இருக்கிறதோ, அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் நம் கை போகும். வருகைக்குக் கட்டம் இருந்தால் வருகை கூடும். காலுக்குக் கட்டம் இல்லையென்றால் காலை யாரும் பார்க்க மாட்டார்கள்.

மதியம் சார்ஜ் நர்ஸ் தன் பதிவேட்டைத் திறந்து காட்டினார். அழகான கையெழுத்து, கோடு போட்டு, சிவப்பு மையில் கூட்டல். "மேலே கேட்பது இந்தக் கூட்டலைத்தான், மேடம்" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முப்பது வருஷமாக நான் எழுதுவதும் இதைத்தான்" என்றார்.

மூன்றாம் நாள், பட்டறை

பதினோரு நர்ஸ்கள், ஒரு டாக்டர், மருந்தகத்திலிருந்து ஒருவர். நான் ஆங்கிலத்தில் பேச, அவர்களுக்குள் கிரியோலில் ஓடியது. இருவர் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்தவர்கள். இடைவேளையில் என்னிடம் வந்து நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசினார்கள்.

சர்க்கரையை விட்டுவிட்டுக் கண்ணிலிருந்து தொடங்கினேன். காரணம் உண்டு. மோகாவில் உள்ள அரசுக் கண் மருத்துவமனைக்குச் சுப்பிரமணிய பாரதியின் பெயர். இங்கே அது எல்லோருக்கும் தெரிந்த பெயர். பாரதி யார் என்று கேட்டேன். தமிழ் எடுத்த இருவரும் கையைத் தூக்கினார்கள். சரி, கண்புரை ஆபரேஷனை எப்படிக் கணக்கெடுப்பது என்று அடுத்துக் கேட்டேன். எத்தனை செய்தோம் என்று எண்ணலாம், ரொம்ப காலம் உலகமே அப்படித்தான் எண்ணியது. 2021ல் உலக சுகாதார சபை வேறொரு அளவை ஏற்றுக்கொண்டது. ஆபரேஷன் தேவைப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அது நடந்து, அதன் பிறகு கண் பரிசோதனைப் பலகையில் 6/12 வரியையாவது படிக்கிற பார்வை கிடைத்தது என்று எண்ணுகிறார்கள். ஆபரேஷன் முடிந்தும் பார்வை தெளியாதவர் அந்தக் கணக்கில் வெற்றியாகச் சேர மாட்டார். கட்டத்தை மாற்றியதும் என்ன நடக்கிறது பாருங்கள். லென்ஸின் பவரைச் சரியாகக் கணித்தோமா, பிறகு கண்ணாடி கொடுத்தோமா, ஆறு வாரம் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்தோமா என்பதெல்லாம் தானாக முக்கியமாகிவிடும்.

எங்கள் ஊர்க் கதையையும் சொன்னேன். 1976ல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி பதினோரு படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் ஏழைக்குக் கட்டாது என்று 1992ல் ஆரோலேப் என்ற தங்கள் தொழிற்கூடத்தில் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். செலவு இறங்கியது, பலன் இறங்கவில்லை. அந்தப் பகுதியைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். என் பாட்டி பார்வை திரும்பி வந்து முதலில் பார்த்தது என் முகத்தைத்தான்.

அப்புறம் கஷ்டமான கேள்வி வந்தது. மூத்த நர்ஸ் ஒருவர் எழுந்து நின்றார். "பலனை வைத்து எங்களை அளந்தால், வீட்டில் ஒரு வேளைச் சோற்றுக்கே வழியில்லாத நோயாளியின் சர்க்கரை இறங்காததற்கு நான் பதில் சொல்ல வேண்டுமா? அப்படியென்றால் நாளைக்கு எல்லோரும் சுலபமான நோயாளியைத்தானே தேடுவார்கள்?"

அவர் கேட்டது நியாயம், அங்கேயே ஒப்புக்கொண்டேன். ஸ்டாக்ஹோமில் 2009 முதல் இடுப்பு, முட்டி மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரே தொகைதான். பிறகு இரண்டு வருஷத்துக்குள் அதனால் சிக்கல் வந்தால் அந்தச் செலவும் ஆஸ்பத்திரி தலையில். சிக்கல்கள் குறைந்தன, உண்மை. ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் வந்தவர்கள் மற்றபடி ஓரளவு ஆரோக்கியமாக இருந்த நோயாளிகள் மட்டும். கடுமையான இதயநோய் போன்ற மூட்டையோடு வருகிறவர்கள் அதில் இல்லை. பலனுக்குப் பணம் என்று எடுத்த எடுப்பில் கட்டிவிட்டால் கஷ்டப்பட்ட நோயாளி கதவுக்கு வெளியே நிற்பார். அதனால் என் கட்சி இதுதான்: அரசு மருத்துவத்தில் முதல் சில வருஷம் பலனை அளக்க மட்டும் செய்யுங்கள், பணத்தை அதோடு கட்டாதீர்கள், பட்டியல் போட்டு யாரையும் வெட்கப்படுத்தாதீர்கள். அளந்ததை அளந்தவர்களே உட்கார்ந்து படிக்கட்டும். ஒரு மையத்தில் கால் புண் ஏன் குறைவு, பக்கத்து மையத்தில் ஏன் அதிகம் என்று அவர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளட்டும். ஸ்வீடனில் முட்டி மாற்று ஆபரேஷன்களுக்கான பதிவேட்டை 1975லேயே டாக்டர்கள் தொடங்கிவிட்டார்கள். பணம் அதோடு சேர்ந்தது முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான்.

எழுந்து நின்றவர் உட்கார்ந்தார். முகத்தில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

இரவு, அதே நாள்

பட்டறையில் எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். ஒரு சர்க்கரை நோயாளியிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டு, அவர் சொன்னதை மாற்றாமல் அப்படியே எழுதி வர வேண்டும். எனக்கும் அதே பாடம். சாப்பாடு முடிந்து அக்காவிடம் கேட்டேன். வாத்தியார் மொழிபெயர்க்க வாயெடுத்தார். அதற்குள் அக்காவே பதில் சொல்லிவிட்டார்.

"மோ ஆன்வீ மார்ஸே காவடி."

காவடிக்கு நடக்கணும். தைப்பூசத்துக்கு நடக்கணும். சர்க்கரை எண் குறைய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, மாத்திரை குறைய வேண்டும் என்றும் சொல்லவில்லை.

மொரீஷியஸில் தைப்பூசத்துக்கு நாடு முழுக்க அரசு விடுமுறை. பத்து நாள் விரதம் இருந்து, பால் சொம்பு ஏந்தி, அலகு குத்தி, தார் ரோட்டில் வெறுங்காலோடு கோயில் வரை நடக்கிறார்கள். ஆணிச் செருப்பில் நடக்கிறவர்களும் உண்டு. அக்கா பதினைந்து வயதிலிருந்து பால் சொம்பு எடுத்தவர். போன வருஷம் நடக்கவில்லை. மையத்தில் ஒரு டாக்டர் "வெறுங்காலோடு கூடவே கூடாது" என்று சொல்லிவிட்டாராம். அதிலிருந்து அக்கா மையத்துக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். இது வாத்தியாருக்கே இன்றுதான் தெரிந்தது. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அந்த டாக்டர் சொன்னது மருத்துவப்படி சரிதான். ஜனவரி, பிப்ரவரி இங்கே உச்சக் கோடை, தார் கொதிக்கும். உணர்ச்சி செத்த பாதம் வெந்துபோனால்கூடத் தெரியாது. ஆனால் அக்காவுக்கு எது முக்கியம் என்று கேட்காமலேயே சொன்ன சரி, அவரை மருத்துவத்திலிருந்தே விலக்கிவிட்டது. பலன் என்றால் யாருடைய பலன் என்று நான் மேடையில் நூறு தடவை பேசியிருப்பேன். ஒரு சாப்பாட்டு மேசையில் இவ்வளவு தெளிவாக அதைக் கேட்டதில்லை.

நான்காம் நாள், போர்ட் லூயிஸ்

மையம் விடுமுறை. வாத்தியார் ஆப்பிரவாசி காட் பார்க்கக் கூட்டிப்போனார். 1834 தொடங்கி ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள் இந்தத் தீவுக்கு வந்தார்கள். 1849 முதல் அவர்கள் கரை இறங்கிய துறை இதுதான். 2006ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. மிச்சமிருக்கும் கட்டடங்களில் ஆஸ்பத்திரிப் பகுதியும் ஒன்று. வந்தவர்களைப் பற்றிய பதிவேடுகள் மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. உயரம், உடலில் தழும்பு, எந்த ஊர், எந்தத் தோட்டம் எல்லாம் அதில் உண்டு. தோட்டத்துக்கு என்ன தேவையோ அதையெல்லாம் எழுதியிருக்கிறார்கள். கல்படியில் வாத்தியார் சற்று நேரம் கைகூப்பி நின்றார். நானும் நின்றேன்.

திரும்பும் வழியில் கடைத்தெருவில் எண்ணெய் டின்கள் அடுக்கியிருந்ததைப் பார்த்ததும் ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது, வாத்தியாரிடம் சொன்னேன். 1987ல் இந்த அரசு, ரேஷன் எண்ணெயில் பெரும்பங்கு இருந்த பாமாயிலை எடுத்துவிட்டு சோயா எண்ணெய்க்கு மாறியது. 1992ல் மறுபடி அளந்தபோது மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆக இறங்கியிருந்தது. அந்தப் பலனுக்காக ஒருவரும் டோக்கன் வாங்கிக் காத்திருக்கவில்லை. சர்க்கரை நோய் அதனால் குறைந்துவிடவில்லை, அது தனிச் சண்டை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வெளியே செலவழித்த பணமும் பலன் தரும் என்பதற்கு நான் ஊர் ஊராகச் சொல்லும் உதாரணம் இந்தத் தீவுதான். வாத்தியார், "அந்த எண்ணெய் மாறியது எனக்கு நினைவிருக்கிறது, சகோதரி. மணம் வேறாக இருந்தது. காரணம் இன்றுதான் அறிகிறேன்" என்றார்.

ஐந்தாம் நாள், மறுபடி மையம்

வீட்டுப்பாடத்தை எல்லோரும் கொண்டுவந்திருந்தார்கள். சார்ஜ் நர்ஸ் ஒவ்வொன்றாக வாசித்தார். இரவில் நான்கு தடவை எழாமல் தூங்க வேண்டும். பேரனின் பாடப்புத்தகத்தைப் படித்துக் காட்ட வேண்டும். மீன் பிடிக்கப் படகில் ஏற வேண்டும். இன்சுலின் போடுவதைப் பக்கத்து வீட்டார் பார்க்காமல் இருக்க வேண்டும். ஒருவர்கூட எண்ணைச் சொல்லவில்லை. சர்க்கரை அளவு தேவையில்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. கண்ணும் காலும் கிட்னியும் தப்ப அதுதான் வழி. ஆனால் அது வழி, அவர்கள் போக நினைக்கும் இடம் வேறு.

எங்கள் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபோது பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே போனது. பெரியவரின் அந்த ஆறு மணி நேரம் மிச்சமாவதற்கு ஒரு வழி அது. இங்கே அதே மாதிரி செய்ய ஆளில்லை என்றார்கள். சரி, நிலையாக இருக்கிற நோயாளிக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் வரிசை பாதியாகும், மிச்சமாகும் நேரத்தில் கால் பார்க்கலாம் என்று மருந்தகத்துக்காரரே சொன்னார். அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும், எழுதிக் கேட்கப் போகிறார்கள். அட்டையில் இரண்டு வரி சேர்ப்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம். "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று ஒரு வரி, "இன்று கால் பார்த்தோமா" என்று ஒரு வரி. சார்ஜ் நர்ஸ் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்.

பதினொரு மணிக்கு அக்கா வந்தார். வாத்தியார் பின்னால் கைப்பையோடு.

கால் பார்க்கும் கருவி ஒரு நைலான் இழை, அவ்வளவுதான். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரி செய்த இழை. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இழை வளையும் வரை பாதத்தில் வைத்து எடுப்பார்கள். பட்டதும் சொல்ல வேண்டும். பட்டறையில் எழுந்து நின்று கேள்வி கேட்டாரே, அந்த மூத்த நர்ஸ்தான் தரையில் முட்டிபோட்டு அக்காவின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வலது பெருவிரல் நுனி. "வீ" என்றார் அக்கா, ஆமாம் என்று. விரல்களுக்குக் கீழே மேடான இடம். "வீ." சுண்டுவிரல் பக்கம். "வீ." இடது கால். பெருவிரல். சத்தமில்லை. நர்ஸ் நிறுத்தி, மறுபடி வைத்தார். சத்தமில்லை. அக்கா கண்ணை மூடியபடி, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து, முகத்தில் சிரிப்போடு காத்திருந்தார். எனக்கு அப்பாவின் முகம் தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இடது காலில் இரண்டு இடம் போயிருந்தது. குதிகாலில் ஒரு வெடிப்பு. புண் இல்லை.

அரை மணி நேரம் பேசினார்கள். நர்ஸ் "கூடாது" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தைப்பூசம் என்றைக்கு, கோயில் எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள் என்று கேட்டார். பட்ட இடத்தையும் படாத இடத்தையும் அக்காவின் கையைப் பிடித்தே அவர் பாதத்தில் தொட்டுக் காட்டினார். டாக்டர் வந்து, விரத நாட்களில் சாப்பிடாமல் போட்டால் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும் மாத்திரை எது என்று தனியாக எடுத்துக் காட்டி, அந்தப் பத்து நாளுக்கு மட்டும் நேரத்தையும் அளவையும் மாற்றி எழுதினார். குதிகால் வெடிப்புக்குக் களிம்பு. வாரம் ஒரு தடவை கால் பார்க்க வர வேண்டும். ரோட்டில் செருப்போடு நடந்து, கோயில் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வெறுங்காலோடு போகலாமா என்று நர்ஸ் கேட்டார். வாத்தியார் அவசரமாகத் தலையாட்டினார்.

அக்கா ஆட்டவில்லை. ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு தமிழில், என்னைப் பார்த்துச் சொன்னார்: "முருகனைக் கேட்டு சொல்றேன்."

நர்ஸ் சரி என்றார். புது அட்டையில் முதல் வரியில் "தைப்பூசம், நடக்க" என்று கிரியோலில் எழுதினார். இரண்டாவது வரியில் தேதி போட்டு, படாத இரண்டு இடத்தையும் ஒரு பாதம் வரைந்து புள்ளி வைத்தார். அடுத்த வாரத்துக்கு ரான்தேவூ, அதாவது வர வேண்டிய நாள், குறித்துக் கொடுத்தார். அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்புறம் நர்ஸ் இழையைத் துடைத்துவிட்டு வாசல் பக்கம் பார்த்து அடுத்தவரைக் கூப்பிட்டார். அன்றைக்கு நான் பின்னால் நடந்த அந்த ஆலைப் பெரியவர்தான். உட்கார்ந்ததும் வழக்கம்போல விரலை நீட்டினார். நர்ஸ் அந்தக் கையை மெதுவாக அவர் மடியிலேயே வைத்துவிட்டு, குனிந்து அவருடைய ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.